இரண்டு பேருக்கு ஒரு பாஸ்

ஐரோப்பிய ரயிலை விற்கிறவனுக்கு ஐரோப்பாவைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தூக்கம் வராமல் இருந்தால் போதும்.

எனக்கு அது எப்போதுமே ஒழுங்காக வந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தில், ஆக்லாந்து நகர மத்தியில் ஒரு பயண ஏஜென்சியில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். நாம் படுக்கப் போகிற நேரத்தில்தான் ஐரோப்பாவில் ரயில்வே அலுவலகங்கள் திறக்கும். மாலையில் போய், கவுண்டர் சாத்தும்வரை ஆட்களைப் பார்த்துவிட்டு, பிறகு விடியும்வரை தொலைபேசியோடும் ஃபாக்ஸ் மெசினோடும் இருக்கவேண்டும். படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. செங்கல் கனத்தில் ஒரு ரயில் நேரப் புத்தகம் கிடந்தது. அதை வாசித்து வாசித்துத் தொழில் பழகினேன். மிலானில் ஒரு ரயிலை விட்டால் அடுத்தது எப்போது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். வேலை முடிந்து ஒடாஹுஹுவில் இருக்கிற என் அறைக்குப் போகிற ரயில் அன்றைக்கு வருமா என்று மட்டும் தெரியாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எது லாபம்?

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இந்த ஒன்றைத்தான். பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட் எடுப்பதா? பதில் சுலபம். ஒன்றிரண்டு ஊர் என்றால் டிக்கெட். ஊர் ஊராக ஓடுவதென்றால் பாஸ். ஒருமுறை பணத்தைக் கட்டிவிட்டால் அத்தனை நாளும் அநேகமாக எந்த நாட்டு ரயிலிலும் ஏறி இறங்கலாம். ஆகவே நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை இடம் போகிறீர்கள்?"

வெள்ளைக்காரர்கள் மாளிகை, மியூசியம், பனிமலை என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் மச்சான், ஒன்றுவிட்ட தங்கச்சி, பெரியப்பா மகன் என்று சொல்வார்கள். சண்டை துரத்தித் துரத்தி ஒரு குடும்பத்தை ஐந்து நாட்டில் இறைத்து வைத்திருந்த காலம் அது. ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டை விட்டுவிட்டு வந்தால், அந்தக் கதை சாகும்வரை ஓயாது. பகல் வேலை பார்த்த ராஜி பிஜியில் பிறந்த தென்னிந்திய வம்சத்துப் பெண். தமிழைத் தட்டித் தடவித்தான் பேசுவாள். ஒருநாள் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியவள், என் வாடிக்கையாளர் ஒருவர் சொந்தக்காரர்களை அடுக்குவதை நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, மத்தவங்க ஊர் பாக்கப் போறாங்க. உங்க ஆளுங்க அட்டெண்டன்ஸ் குடுக்கப் போறாங்க."

முதல் வகுப்பு

பெரியவர்களுக்கு நாங்கள் விற்ற பாஸ் முதல் வகுப்புக்கு மட்டும்தான். இதை ஒரு பெருமையாகச் சொல்லி விற்பேன். ஒடாஹுஹுவில் என் அறைக்குப் பக்கத்தில் இருந்த குணம், இறைச்சித் தொழிற்சாலையில் குளிர் அறை வேலை. விடுமுறை சேர்த்துக்கொண்டு போய்ப் பதினைந்து நாள் சுற்றிவிட்டு வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். ரயில் பெட்டி நிறையக் கோட்டும் சூட்டும் போட்டவர்களாம். பரிசோதகர் வந்தால் மற்றவர்களைத் தாண்டி வந்து இவனுடைய பாஸைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாராம். எல்லையில் ஏறுகிற போலீஸ்காரரும் நேரே இவனிடம்தான் வருவாராம். மூன்றாவது நாளிலிருந்து இரண்டாம் வகுப்பில், கதவோரம் போய் நின்றுகொண்டே பயணம் செய்திருக்கிறான்.

"காசு குடுத்து வாங்கின இடத்திலை கள்ளன் மாதிரி இருந்திட்டு வந்தனான் அண்ணை. அடுத்த முறை இரண்டாம் வகுப்பு டிக்கெட்டே தாங்கோ. அங்கையெண்டால் சந்தேகப்பட இன்னும் நாலு பேர் இருப்பினம்."

ஒரே தாளில் இரண்டு பெயர்

நகரின் கிழக்கே பக்குரங்காவிலிருந்து சபாரத்தினம் அண்ணையும் அவர் மனைவி தவமணி அக்காவும் வந்தது ஒரு மழை நாளில். அக்கா முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற பகுதியில் வேலை. அவருடைய அண்ணர் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கலியாணம் கட்டவில்லை. ரெஸ்டோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவி, தங்கச்சியையும் தங்கச்சி புருசனையும் நாட்டைவிட்டு வெளியே எடுத்துவிட்டவர் அவர்தான். ஈரல் முழுக்கக் கெட்டுப்போய்விட்டது, கன நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"எனக்கு ஒரு டிக்கெட் காணும் தம்பி. பாரிசிலை இருந்து அண்ணா இருக்கிற ஊருக்கு" என்றார் அக்கா. சபாரத்தினம் அண்ணை கையை உயர்த்தி நிறுத்தினார். பாரிசில் அவருடைய மச்சான், சூரிச்சில் தங்கச்சி, ஹொலண்டில் சித்தப்பா மகன். "அவ்வளவு தூரம் போட்டு என்ர ஆக்களின்ர வாசலை மிதியாமல் வந்தால், நாளைக்கு என்ர பெட்டையின்ர கலியாணத்துக்கு ஆர் வருவினம்?" அவர் சொன்னதும் பொய்யில்லை. அத்தனை வீட்டுக்கும் போவதென்றால் பாஸ்தான் மலிவு. அதிலும் இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால் இன்னும் மலிவு. ஒரே தாள், அதில் இரண்டு பெயர். ஒரு நிபந்தனை: இருவரும் எப்போதும் ஒரே ரயிலில்தான் போகவேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஏறினால் அந்தத் தாள் செல்லாது. இதை நான் அக்காவின் முகத்தைப் பார்த்து ஒருதரம், அண்ணையின் முகத்தைப் பார்த்து ஒருதரம் சொன்னேன்.

அண்ணை சிரித்தார். "கட்டின நாளிலை இருந்து நாங்கள் ஒண்டாத்தானே தம்பி போறனாங்கள்!"

நல்ல நாள்

பாஸ் கையில் இருப்பதால் மட்டும் நாள் ஓடத் தொடங்காது. முதல் ரயில் ஏறுவதற்கு முன்னால் ஸ்டேசனில் முத்திரை குத்தவேண்டும். குத்திய நாளிலிருந்து ஓடுகிற பதினைந்து நாளும், ரயிலில் போனாலும் கட்டிலில் படுத்துக் கிடந்தாலும், கணக்குத்தான்.

நல்ல நாளில் புறப்பட முடியாவிட்டால், பையில் ஒன்றை அன்றைக்கே அயல் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பயணம் தொடங்கியாயிற்று என்று மனதை ஆற்றிக்கொள்வது நம்மவர் வழக்கம். சபாரத்தினம் அண்ணை பாரிசில் போய் இறங்கியதும் கையோடு கொண்டுபோன பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு நல்ல நாள். அதை விட்டால் அட்டமி, நவமி, மரணயோகம் என்று வரிசையாக வந்தது. நேரே ஸ்டேசனுக்குப் போய் நல்ல நேரத்தில் பாஸுக்கு முத்திரை குத்துவித்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கே திரும்பிவிட்டார். மச்சான் சும்மா விடுவாரா? விருந்து, அவருடைய சிநேகிதர் வீட்டில் விருந்து, கோயில், மறுபடி விருந்து. ஐந்து நாள் போய்விட்டது. அண்ணர் இருக்கிற ஊருக்கு ரயில் ஏறப் போன இடத்தில்தான், மிச்சம் பத்து நாள்தான் என்று தெரிந்திருக்கிறது. அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணினார்: முத்திரையை மாற்றலாமா? முடியாது என்றேன். ஸ்டேசன் இரைச்சலுக்கு மேலால் கத்தினார்:

"நாள் நல்ல நாள்தான் தம்பி. ரயில்காரனுக்குத்தான் அது விளங்கேல்லை!"

ஆஸ்பத்திரி டெலிபோன்

நாலைந்து நாள் கழித்துத் தவமணி அக்கா போன் பண்ணினார். ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்துக் காசுப் போன். காசு விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"தம்பி, நான் இஞ்சை நிக்க, இவர் பாஸிலை தனியப் போகலாமோ?"

"ஏலாது அக்கா. இரண்டு பேரும் ரயிலிலை இருக்கவேணும். நீங்கள் நில்லுங்கோ. அண்ணை தனக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போகட்டும்."

அண்ணை போனை வாங்கினார். "பாஸ் கையிலை இருக்க டிக்கெட்டோ தம்பி? சூரிச்சிலை தங்கச்சி சமைச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறாள். நான் தனியப் போய் நிண்டால் மனிசி எங்கை எண்டு கேப்பினம், நான் என்னத்தைச் சொல்லுறது? சூரிச்சுக்கும் ஹொலண்டுக்கும் தலையைக் காட்டிப்போட்டு ஓடி வந்திடுவம். பாஸ்தானே, எத்தினை தரமும் வரலாம்." அவர் குரலில் வன்மம் ஏதும் இல்லை. பாஸ் விற்கும்போது நான் சொல்கிற வாசகத்தையேதான் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். எத்தனை தரமும் வரலாம்.

டிக்கெட் எடுங்கோ அண்ணை என்று இன்னொருதரம் சொன்னேன். போன் கை மாறியது. கடைசிக் காசு விழுந்த பிறகு அக்கா சொன்னார்:

"அண்ணா இடைக்கிடை கண்ணை முழிச்சு, ‘இருக்கிறியோ பிள்ளை?’ எண்டு கேக்கிறார் தம்பி. உவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலிலை நிக்கிறார்."

ஒருவழி

அன்று காலை வேலை முடிந்தும் நான் அறைக்குப் போகவில்லை. பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்புவரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் இல்லை. நானும் யாரையும் விசாரிக்கவில்லை. இரவு வேலைக்காரனுக்கு ஊர்ச் செய்தி கடைசியாகத்தான் வரும்.

அடுத்த வருடம் தவமணி அக்கா தனியே வந்தார். சபாரத்தினம் அண்ணை வெளியே காரில் இருந்தார். கண்ணாடியைத் துடைக்கிற தடி ஆடிக்கொண்டிருந்தது, மழை விட்டு வெகு நேரமாகியிருந்தது. அக்காவே சொன்னார். ஹொலண்டில் சித்தப்பா மகன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அடுத்த நாள் அண்ணரிடம் திரும்பிப் போவதாக இருந்தார்கள். நண்டுக் கறியைப் பரிமாறிக்கொண்டே, இன்னும் ஒருநாள் நின்று போங்கோ என்று அந்த வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பாஸில் இன்னும் நாள் மிச்சம் இருந்தது; அதிலேயே போனார்கள். "‘நல்ல காலம், சாவீட்டுக்கெண்டு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை’ எண்டு இவர் ரயிலுக்குள்ளை சொன்னவர். சொல்லிப்போட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டு, இறங்குமட்டும் அழுதவர்." சாம்பலைக் கடலில் கரைக்க அந்த நாட்டில் விடவில்லையாம். அந்த ஊர்ச் சவக்காலையில் ஒரு சின்னக் குழியில் வைத்திருக்கிறார்கள். பூப்போடக்கூட அங்கே ஆளில்லை.

முதலாம் ஆண்டுத் திவசத்துக்குப் போகிறார். பிராங்பேர்ட் விமான நிலையத்திலிருந்து அந்த ஊருக்கு ஒரு டிக்கெட். நான் எதையும் எதனோடும் ஒப்பிட்டுக் காட்டவில்லை. எது லாபம் என்று அவரும் கேட்கவில்லை. பெயரை எழுதினேன், ஒரு பெயர். ஊரை எழுதினேன். திரும்பி வருவதற்கு எந்த நாளைப் போடுவது என்று கேட்டேன்.

"அதை எழுதாதேங்கோ தம்பி. நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்."

பாஸ் எடுத்தால் போய்க்கொண்டே இருக்கலாம், டிக்கெட் எடுத்தால் போய்ச் சேரலாம் என்பதைத் தவிர, எங்கேயும் போகாமல் இத்தனை வருடம் ரயில் விற்ற எனக்கு இந்தத் தொழிலில் வேறொன்றும் பிடிபடவில்லை.