சாம்பல் இல்லாத மார்கழி

எங்கள் அவரைக் கொல்லையில் முப்பத்தாறு குழி இருந்தது. குழிக்கு மூன்று கொடி. பந்தல் போட்டது அண்ணன். விதை ஊன்றியதும் தண்ணீர் ஊற்றியதும் அண்ணி. ஐம்பதுகளில் ஒரு மார்கழியில், கொடி பூவெடுத்த வாரம், அண்ணன் காய்ச்சலில் இறந்துபோனார்.

அவரைக் கொடி பூத்தால் அசுவினிப் பூச்சி வரும். பூங்காம்பு தெரியாதபடி கறுப்பாக அப்பிச் சாற்றை உறிஞ்சும், பூ உதிரும். பூச்சிமருந்து எங்கள் பக்கம் வராத காலம் அது. விடியலில் பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவவேண்டும். ஈரத்தில் சாம்பல் ஒட்டிக்கொண்டால் அசுவினி செத்து உதிரும். வெயில் ஏறிவிட்டால் சாம்பல் காற்றோடு போய்விடும்.

எங்கள் வகையறாவில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை அடுப்பு பற்றவைப்பதில்லை. சம்பந்தி வீடுகளிலிருந்து சோறு வரும். சோறு வந்தது, சாம்பலுக்கு எங்கே போவது? இருந்ததும் வீடு கழுவிய தண்ணீரில் நனைந்து கட்டியாகிக் கிடந்தது. ஐந்து வீடுகளில் கேட்டேன்.

"எழவு வீட்டுக்குச் சாம்பலக் குடுத்துட்டு, நாளைக்கு எங்க அடுப்பு எரியவேணாமா? வேற என்னமும் கேளுங்க, தாரேன்" என்றாள் ஐந்தாவது வீட்டுக்காரி. மற்ற நான்கு வீடுகளில் அதைக்கூடச் சொல்லவில்லை.

அண்ணிக்கு அந்தக் கொல்லை பிழைத்தாகவேண்டும். துக்கத்துக்கு வந்த பங்காளிகளிடம் எங்களைப் பெற்ற அய்யா சொல்லியிருந்தார்: "கொல்லை வெளஞ்சா ரெண்டு பொம்பளப்பிள்ளையளையும் வச்சுக்கிட்டு இங்கனயே கஞ்சி குடிக்கட்டும். இல்லைன்னா கருமாதியன்னைக்கு அவ அண்ணன்மாரு கூட்டிக்கிட்டுப் போகட்டும். எனக்குத் தெம்பு இல்ல."

கருமாதிவரை அண்ணி வீட்டைத் தாண்டக்கூடாது. மூலையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் பின்கதவு வழியே பந்தலின் முதல் வரிசை மட்டும் தெரியும்.

"எத்தனை குழி கறுத்திருக்கு தம்பி?"

"பதினொண்ணு அண்ணி."

"நேத்து ஏழுன்னீங்க."

கறுத்த நுனிகளைக் கிள்ளித் தண்ணீர்ப் பானையில் போட்டுவந்தேன். துக்கம் கேட்க வருகிறவர்களோடு உட்காரச் சொல்லி அய்யா அடிக்கடி கூப்பிட்டுவிடுவார். நான்கு குழியைச் சுத்தம் செய்தால் மறுநாள் ஆறு குழி புதிதாகக் கறுத்திருக்கும்.

"எங்க அண்ணன் பொண்டாட்டி சோறு போடுவா, போடாம இல்ல" என்றார் அண்ணி. "போட்டுட்டு, தின்னியாடின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கேப்பா."

ஒன்பதாம் நாள் விடியலில் பந்தலுக்குள் ஆள் நிற்பது தெரிந்தது. அண்ணிதான். இடக்கையில் கொடியைத் தாங்கி, வலக்கை விரல்களால் ஒவ்வொரு பூங்காம்பாக வழித்துக்கொண்டிருந்தார். பூ ஒன்றும் உதிரவில்லை. முழங்கைவரை கறுப்பாகப் பிசுபிசுத்திருந்தது.

ஆத்தா பின்கதவில் நின்று கத்தினார். "அடியே, எம்மவன் எலும்பு இன்னும் சூடு ஆறல. ஒனக்கு அவரக்கா கேக்குதா? உள்ள வாடி!"

"இந்தா வாரேன் அத்தே. இன்னும் ரெண்டு குழிதான்."

வெயில் ஏறும்வரை அவர் வரவில்லை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். நான் ஒரு வரிசை, அவர் ஒரு வரிசை. கருமாதிக்குள் இருபத்தொன்பது குழி தேறிவிட்டது. ஏழு போனது போனதுதான்.

கருமாதியன்று அய்யாவைவிட மூத்த பங்காளி ஒருவர் பேச்சை எடுத்தார். "கொல்லை தப்பிச்சிருச்சு, சரி. புருசன் செத்து பத்து நாளு ஆகாம கொல்லைல போயி நின்னவ, நாளைக்கு எங்க நிப்பான்னு யாருப்பா காவல் இருக்குறது?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவங்க போகலைன்னா ஒரு காய்கூட மிஞ்சியிருக்காது" என்றேன்.

"நீ பேசாம இருடா" என்றார் அய்யா. தான் சொல்லியிருந்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அண்ணியின் அண்ணன்மார் கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து மாட்டுவண்டி கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளைகளை ஏற்றிவிட்டு அண்ணி என்னிடம் திரும்பினார்.

"அந்த ஏழு குழியையும் புடுங்கி எரிச்சிருங்க தம்பி. இல்லாட்டி மத்ததுக்கும் தாவிரும்."

அன்று மாலையே பிடுங்கி எரித்தேன். மீதி இருபத்தொன்பதும் தை முழுக்கக் காய்த்தன. அண்ணிக்கு ஒரு கூடையாவது அனுப்பலாமே என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் ஆத்தா காயைப் பறித்துக்கொண்டே அடுத்த குழிக்கு நகர்ந்துவிட்டார்.