நீச்சல் இல்லை, சைக்கிள் இல்லை, ஓட்டம் நோ

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கடலில் நீந்தி, ஈரத்தோடு சைக்கிளில் ஏறி, சைக்கிளை விட்டு இறங்கி ஓடும் நீண்டதூரப் போட்டி ஒன்றுக்கு நானும் என் தோழியும் பெயர் கொடுத்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு முழுப் பகல் வேலை.

2. பயிற்சி பாதி முடிந்த நிலையில், ஒரு காலை கட்டிலை விட்டு இறங்கியபோது இடது குதிக்காலுக்கு மேலே எதுவோ பிடித்து இழுத்தது. முதல்நாள் நான் விழவில்லை, இடறவில்லை, தவறாகக் கால் வைக்கவும் இல்லை.

3. நரம்பு பிரண்டிருக்கும் என்றார் அம்மா.

4. கெண்டைத்தசையைக் குதிக்காலோடு இணைக்கும் நாண் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். அம்மா சொன்ன நரம்பும் இதுவும் ஒன்றுதானா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

5. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பிசியோவிடம் போனேன். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வலி இருந்ததா இல்லையா என்று போனில் எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

6. ஓட்டத்தைக் கூட்டச் சொன்னார். நோவோடு கூட்டினேன். அதையும் எழுதி அனுப்பினேன். இன்னும் கூட்டச் சொன்னார்.

7. நான் ஒரு மொழியில் எழுதியதை அவர் வேறொரு மொழியில் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஏழாவதை இப்படி ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. விளங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

புதுக் கட்டடங்களில் பம்புகளையும் ஜெனரேட்டர்களையும் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. இப்போது கொம்பனித்தெருவில் எழும்பும் ஒரு மாடிக்கட்டடத்தில் இருக்கிறேன். லிப்ட் இன்னும் ஓடத் தொடங்காததால் எல்லா இடத்துக்கும் படியேறித்தான் போகவேண்டும். நாங்கள் பொருத்தும் எந்த இயந்திரத்துக்கும் இரண்டு எல்லைகள் வைப்போம். முதல் எல்லையைத் தாண்டினால் மணி அடிக்கும், யாராவது போய்ப் பார்க்கவேண்டும். இரண்டாவதைத் தாண்டினால் இயந்திரம் தானாக நின்றுவிடும், யாருடைய அபிப்பிராயமும் தேவையில்லை. என் காலில் மணி மட்டும் அடித்தது. காலையில் குளியலறை வரைக்கும் நொண்டுவேன். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் நோ குறைந்துவிடும். ஓடத் தொடங்கினால் திரும்ப வரும். மெரின் டிரைவ் கடற்கரை றோட்டில் கொஞ்சத் தூரம் போனதும் காணாமல் போகும். மறுநாள் கட்டிலை விட்டு இறங்கும்போது மறுபடி அதே இடத்தில் இழுக்கும். ஓடினால் கூடுகிறதா, ஓடினால்தான் குறைகிறதா? இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் இருந்தது.

டொக்டர் ஆங்கிலத்தில்தான் கதைத்தார். சின்ன டிஸ்கம்ஃபர்ட் இருந்தால் பரவாயில்லை, பயிற்சியைத் தொடரலாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அதற்குத் தமிழ் தேடினேன். அசௌகரியம் என்ற சொல்தான் கிடைத்தது. தண்ணீர் வெட்டு அறிவித்தல்களின் கடைசி வரியில், அதற்காக வருந்துகிறோம் என்று போடுவார்கள். என் காலில் இருந்தது அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை.

பிசியோ மலையகத்தில் ஹட்டன் பக்கத்தைச் சேர்ந்தவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய அறை இருக்கிறது. வருகிற எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் சொல்லுங்க தங்கச்சி. வலி எத்தன?"

"பத்து எண்டா எது, மிஸ்?"

"தாங்கவே முடியாத வலி."

"அப்பிடி ஒண்டு எனக்கு வந்ததே இல்லை. எதோட ஒப்பிட்டுச் சொல்லுறது?"

மிஸ் என் காலை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "நீங்க இஞ்சினியருன்னு நெனைக்கிறேன். சரி, நம்பரு வேணாம். நீஞ்சினதுக்கு, சைக்கிளுக்கு, ஓட்டத்துக்குன்னு மூணுக்கும் வலி இருந்துச்சா இல்லியான்னு மட்டும் அனுப்புங்க. அதப் பாத்துட்டு அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்றேன்."

இதை வீட்டில் சொன்னபோது அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

"பத்து எண்டா பிள்ளைப்பெறுதான். அதை வைச்சுப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே."

"நான் பெறேல்லையே அம்மா."

"அதைத்தானே நானும் இவ்வளவு காலமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

வலி என்ற சொல் எங்கள் வீட்டில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. எங்களுக்குத் தலை இடிக்கும், வயிறு குத்தும், பல்லுக் கொதிக்கும். அலைந்து திரிந்துவிட்டு வந்தால் கை கால் உளையும். அடிபட்ட இடம் நோகும், அதற்குப் பெயர் நோ. நான் ஓடிவிட்டு வந்து படியில் இருந்துகொண்டு சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம் அம்மா, "உளையுதோ, நோகுதோ?" என்று கேட்பார். தொடை உளைகிறது, குதிக்கால் நோகிறது என்று நானும் பிரித்துப் பிரித்துப் பதில் சொல்வேன். "ஆராவது காசு குடுத்து நோ வாங்குவினமே?" என்று அவர் உள்ளே போய்விடுவார்.

ஆகவே மிஸ்ஸுக்கு அறிக்கை அனுப்பும்போதும் எனக்கு நோ என்ற சொல்தான் வந்தது. போனில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதுதான் எனக்கு வேகம். மூன்று வரி எழுதுவேன். நீச்சல்: இல்லை. சைக்கிள்: இல்லை. ஓட்டம்: நோ. ஆங்கில எழுத்தில் அந்த நோவுக்கு இரண்டே எழுத்துதான், என், ஓ. அனுப்பும்போது அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சுருக்கமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சற்று நேரத்தில் மிஸ்ஸிடமிருந்து பதில் வந்துவிடும். சுப்பர், ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்க.

முதல் தடவை எனக்கு அது வினோதமாகத்தான் இருந்தது. பிறகு இரவு இணையத்தில் தேடி வாசித்துப் பார்த்தேன். இப்படிப்பட்ட நாணுக்கு ஓய்வு மட்டும் போதாது, பாரம் கொடுக்கவேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருந்தது. அப்போ மிஸ் தெரிந்துதான் சொல்கிறார். நோ இருக்கும், இருக்கட்டும், அதோடு ஓடு என்கிறார். அதற்குப் பிறகு அந்த நோவை நான் வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அனுமதி பெற்ற நோ அது. ஓடும்போது அது வந்தால், வா என்று விட்டுவிட்டு ஓடினேன்.

தோழி மட்டும் நம்பவில்லை. அவள் கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்தவள், அங்கேயே ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். போட்டி முடிந்த கையோடு டோஹாவில் இருக்கும் கணவனிடம் போகிறாள். நீச்சலை நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பழகினோம், வளர்ந்த பிறகு, கல்கிசைக் கடலில், ஆளுக்கு ஆள் சிரித்துக்கொண்டு. ஞாயிறு விடியலில் வடக்குப் பக்கம் சைக்கிள் ஓடுவோம். அந்த நேரத்தில் பேலியகொடையில் மீன் லொறிகள் ஒழுக்கிய தண்ணீரில் றோட்டு வழுக்கும் என்பதால் இறங்கி உருட்டிக்கொண்டு போவோம். அப்படி உருட்டும்போதுதான் அவள் கேட்டாள்.

"புள்ள, நீங்க நொண்டுற."

"மிஸ் ஓடச் சொன்னவ."

"நொண்டி நொண்டி ஓடச் சொன்னாவா?"

"நோ இருக்கு எண்டு தெரிஞ்சுதான் சொல்லுறா. அதுதான் முறையாம்."

"அப்ப அவக்கிட்ட நான் என்ட காலக் காட்டவே மாட்டேன்."

போட்டி நெருங்கும்போது நடத்துபவர்களிடமிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. காயம் காரணமாகப் பங்குபற்ற முடியாதவர்கள் தங்கள் இடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றலாம், வரும் வெள்ளிக்கிழமைக்குள் அறிவிக்கவேண்டும். அது எனக்கில்லை என்று நினைத்தேன். ஆனாலும் எதற்கும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று அந்த வாரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

மிஸ் குதிக்காலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்து அழுத்தினார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"என்னங்க, வலிக்குதா?"

"ஓம் மிஸ். அந்த இடந்தான்."

"எப்பருந்து?"

"முதலிலயிருந்தே."

"இல்லேன்னுதானே அனுப்பிக்கிட்டிருந்தீங்க?"

"இல்லை மிஸ், நான் நோ எண்டுதான் அனுப்பினனான்."

"அதத்தான் நானும் சொல்றேன். நோன்னு அனுப்புனீங்க."

"ஓம். நோ."

"நோன்னா இல்லதானே!"

"நோ எண்டா நோ, மிஸ்."

பக்கத்துக் கட்டிலில் கழுத்துக்குச் சூடு வைத்தபடி படுத்திருந்த ஐயா ஒருவர் முகத்தைத் திருப்ப முடியாமல் மேலே பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே விசயத்தைத்தானே சொல்லுறியள், பிறகு ஏன் சண்டை பிடிக்கிறியள்?"

மிஸ் போனை எடுத்து என் அறிக்கைகளை மேலே தள்ளித் தள்ளிக் காட்டினார். இல்லை, இல்லை, நோ. இல்லை, இல்லை, நோ. "ரெண்டு தமிழ்ல, ஒண்ணு இங்கிலீசுல. கொழும்புல எல்லாரும் இப்பிடிக் கலந்துதானே எழுதுறாங்க. நான் வேற எப்பிடி வாசிப்பேன்?"

"உங்களுக்கு நோ எண்டா என்னெண்டு தெரியுந்தானே, மிஸ்?"

"காதால கேட்டா தெரியுங்க. எழுத்துல பாத்தா நோ நோதான்."

கோபப்படுவதற்கு இரண்டு பேருக்கும் ஆள் கிடைக்கவில்லை. பிறகு மிஸ் என்னை எழும்பி நிற்கச் சொன்னார். ஒற்றைக்காலில் எம்பி எம்பி இறங்கச் சொன்னார். பிறகு மற்றக் காலில். தன் குறிப்புகளைப் பார்த்தார். மறுபடி செய்யச் சொன்னார்.

"மொத நாள விட பலமா இருக்கு," என்றார் கடைசியில், சந்தோஷமில்லாமல். "வீக்கம் அப்பிடியே இருக்கு. வலியும் இருக்கு. வலி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் இவ்ளோ கூட்டியிருக்கவே மாட்டேன்."

"அப்ப கூட்டினது பிழையோ?"

"பிழைதாங்க."

"ஆனா பலமா இருக்கு எண்டு சொன்னியள்."

"ஆமா."

"அப்ப?"

"அதாங்க எனக்கும் புரியல."

வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் அந்த வாரங்களை ஒழுங்குபடுத்திப் பார்க்க முயன்றேன். பிழையான தகவலில் எடுத்த சரியான முடிவா? சரியான தகவலைப் பிழையாக வாசித்ததால் வந்த அதிர்ஷ்டமா? அல்லது காயம் உள்ளுக்குள் மெல்ல மோசமாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் தெரியவரவில்லை, அவ்வளவுதானா? வேலைத்தளத்தில் இப்படி ஒரு பம்பு ஓடியிருந்தால் நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து வைத்திருப்பேன். நல்லாத்தானே ஓடுது என்று யாராவது சொன்னால், அது ஒரு காரணமில்லை என்றும் சொல்லியிருப்பேன்.

மறுநாள் விடிய மெரின் டிரைவுக்குப் போனேன். அதே நோ, அதே இடத்தில், அதே அளவில் வந்தது. முதல்நாள் வரைக்கும் அதோடு ஓடியவள் நான். அன்று ரயில் பாதையைக் கடந்து, கடற்கரைக் கற்களில் போய் இருந்துவிட்டேன். கால் மாறவில்லை. யாரோ பார்த்துத்தான் ஓடச் சொன்னார்கள் என்ற எண்ணம் மட்டும் இல்லாமல் போயிருந்தது. இத்தனை நாளும் என்னை ஓட வைத்தது காலா, அந்த எண்ணமா என்று கடலைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். ஒரு ரயில் போனது. வாசலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்களில் ஒருவர் எனக்குக் கை காட்டினார்.

தோழிக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் நன்றாகச் சிரித்தாள், மூச்சு விடமுடியாமல். பிறகு, "அப்ப என்ன செய்ற? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லோணும் தானே," என்றாள். அடுத்த வருடம் அவள் இங்கே இருக்கமாட்டாள் என்பதை இருவருமே சொல்லவில்லை. போட்டிக்கு வரும்படி அவள் என்னைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அம்மாவிடமும் கேட்டேன்.

"அடுத்த வருசம் ஓடன் பிள்ளை. றோட்டு எங்கையும் போகாது."

"அடுத்த வருசம் அவள் இல்லை அம்மா."

"அப்ப இந்த வருசம் ஓடு. ஏன் என்னைக் கேக்கிறாய்?"

வியாழன் பின்னேரம், வேலைத்தளப் படிகளில் நின்றபடி, மிஸ்ஸை அழைத்தேன். எழுதி அனுப்பவில்லை. ஓடலாமா கூடாதா என்று ஒரே ஒரு பதில் தரும்படி கேட்டேன்.

"ஒரே பதில் என்கிட்ட இல்லீங்க. நீஞ்சுங்க, சைக்கிள் ஓடுங்க, அதுல பிரச்சினை இல்ல. ஓடும்போது வலிச்சா பரவால்ல, நொண்ட ஆரம்பிச்சா நடக்கணும். நொண்டிக்கிட்டு ஓடக்கூடாது. அதுல மட்டும் நான் உறுதியா இருக்கேன்."

"நடந்தா அவையள் குடுத்த நேரத்துக்குள்ள முடிக்கேலாது, மிஸ்."

"தெரியுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறிவித்தலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். இடத்தை மாற்றுவதற்கான காரணம் என்று ஒரு வரி எழுதவேண்டும். காயம் என்று எழுதலாம். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் காயத்தோடு நான் முன்பைவிடப் பலமாக எம்பியிருக்கிறேன், அதுவும் பொய்யில்லை. அடுத்த வருடம் இந்த நாண் சரியாகியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் இருக்கமாட்டாள் என்பது மட்டும்தான் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. திரையை மூடிவிட்டு மாடிக்கு ஏறிப்போனேன். அதை நான் எடுத்த முடிவு என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இப்போதைய நிலை இது. என் இடத்தை நான் மாற்றவில்லை, மாற்றும் நாளும் கடந்துவிட்டது. நீச்சலும் சைக்கிளும் முன்போலவே நடக்கின்றன. ஓட்டத்தை மிஸ் பாதியாகக் குறைத்திருக்கிறார். காலையில் இன்னும் நொண்டுகிறேன். போட்டியன்று தோழியோடு கடலில் இறங்குவேன். ஓட்டத்தில் நொண்டத் தொடங்கினால் நடப்பேன் என்று அவளிடமும் மிஸ்ஸிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படி நடந்தால் எனக்காகக் காத்து நிற்கவேண்டாம் என்றும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அதற்கு இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.