ஒழுங்களவும் ஒரு பூங்கொத்தும்

கல்லூரி இயற்பியல் ஆய்வக உதவியாளர் இருபத்தாறு வருடமாக மாணவர்களுக்கு ஒரே வித்தையைத்தான் காட்டிவந்தார். காந்தத்தில் ஒட்டிய நிக்கல் துண்டைச் சூடாக்குவார். முந்நூற்று ஐம்பத்தெட்டு டிகிரியை நெருங்கியதும் அது பொத்தென்று விழும். உள்ளே ஒரே திசையைப் பார்த்திருந்த குட்டிக் காந்தங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிட்டன, அதுதான் நிலைமாற்றம் என்பார். எத்தனை பேர் ஒரே பக்கம் பார்க்கிறார்கள் என்று சொல்லும் எண் ஒழுங்களவு. துண்டு விழுந்தால் அது பூஜ்யம்.

அதே அளவுகோலை ஊழியர் கூட்டத்துக்கும் கொண்டுபோனார் மகானுபாவர். முதல்வர் வாய் திறந்ததும் ஆடுகிற தலைகளை எண்ணுவார். எப்போதும் நாற்பதுக்கு நாற்பது. ஒருநாள் காலை முதல்வருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தேநீர் இடைவேளைக்குள் எண் பூஜ்யமாகிவிட்டது. போகிறவருக்குப் பெட்டி தூக்கக்கூட ஆளில்லை.

மாலையில் மனைவியிடம் பொருமினார். "நிக்கலுக்காவது அவ்வளவு சூடு வேணும். இந்த ஜென்மங்களுக்கு ஒரு காகிதம் போதும். நாளைக்குப் புது முதல்வர் வரட்டும், நாப்பது தலையும் அந்தப் பக்கம் ஆடும் பாரு."

"நாப்பதுல நீங்களும் உண்டா?"

"அளக்கறவனை யாராவது கணக்குல சேப்பாங்களா?"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சரி, ஃப்ரிட்ஜுல ஒரு பூங்கொத்து வெச்சிருக்கீங்களே, அது போறவருக்கா, வர்றவருக்கா?"