இரண்டு விரல் மரத்துப் போன கதை

பத்து நாளைக்கு முன்னால் ஒரு டாக்டர் என் வலது உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக, ஓர் அழுத்து அழுத்தினார். சுரீரென்று விரல் நுனி வரைக்கும் ஓடியது. “ஐயோ” என்று கத்தினேன். என் ஆயுசில் இவ்வளவு சந்தோஷமாக நான் கத்தியதே இல்லை.

வலித்ததற்குச் சந்தோஷமா? சொல்கிறேன்.

மூன்று வாரமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று சிலர் கார்டு போட்டிருக்கிறீர்கள். வேறு ஊருக்கு ஓடிவிட்டானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் சரித்திரம் தெரிந்தவர்... கோபமில்லை. ஆனால் விஷயம் வேறு. பேனா பிடிக்கிற கையில் சுண்டுவிரலும், பக்கத்து விரலில் பாதியும் மரத்துப் போயிருந்தன.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குத் தொழில் என்று ஒன்று கிடையாது. போன வருஷம் கேளம்பாக்கத்தில் உப்பளம். அதற்கு முன்னால் லாரி கிளீனர். இந்த வருஷம் கருவாடு. மாமல்லபுரத்துக் குப்பத்தில் எடுத்து, சைக்கிளில் இரண்டு கூடை கட்டி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோவேன். ரோடு என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கூடை ஆடும். இடது கையைப் பின்னால் விட்டு அதைப் பிடித்துக்கொள்வேன். வலது கை ஹாண்டிலில்.

ஒரு நாள் விரல் கொஞ்சம் குறுகுறுத்தது. அப்புறம் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் எறும்பும் இல்லை, விரலும் இல்லை என்பது போல ஆகிவிட்டது.

வேறு சீமைக்காரனாக இருந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்பான். செங்கல்பட்டுக்காரனுக்கு அது முடியாது. ஊருக்கு வெளியே மதில் வைத்த அந்தக் குஷ்டரோக ஆஸ்பத்திரி இருக்கிறது. கையில் உணர்ச்சி போனால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான் — பெருவியாதி.

யாரிடம் கேட்பது? நானே சோதித்துப் பார்த்தேன். பீடியைப் பற்றவைத்து, நுனியைச் சுண்டுவிரலின் உட்பக்கம் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் அந்த இடத்தில் கொப்புளம். அதற்கு மறுநாள் புண். இருந்த பயத்துக்கு நானே சாட்சியும் தயார் பண்ணிவிட்டேன்!

கையை ஜேபிக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். டீக்கடையில் இடது கையை நீட்டினால், “இன்னா அண்ணாத்த, நொட்டாங்கை ஆயிட்ட?” என்றான் கடைக்காரன். சிரித்து வைத்தேன்.

எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. பெட்டி படுக்கை இல்லாதவன், எங்கேயாவது போய்விடலாம். ஆனால் கருங்குழியில் என் அக்கா இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இட்டிலிக் கடை வைத்து ஒரே பெண்ணை வளர்த்தாள். அந்தப் பெண்ணுக்கு மதுராந்தகத்தில் மாப்பிள்ளை பார்த்து, தட்டு மாற்ற நாளும் குறித்தாயிற்று. பெண் வீட்டுத் தட்டைப் பிடிக்க வேண்டியவன் தாய்மாமன். அதாவது நான்.

மாமன் கை இப்படி என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால்? ‘வம்சத்திலே இருக்குது’ என்று ஒரு வார்த்தை போதும். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு எந்த ஊரில் போய் மாப்பிள்ளை தேடுவது?

கருங்குழிக்குப் போனேன். கை ஜேபிக்குள்ளேயே இருந்தது.

“அக்கா, அன்னிக்கு எனக்கு வேலை கீது. வர முடியாது.”

விளக்குமாறு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“சரிடா. உன் இஷ்டம்” என்றாள்.

காப்பி போட்டாள். டம்ளரை என் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்து, புறங்கையால் என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வேறு எப்படித் தோன்றும்? என்னைத் தூக்கி வளர்த்தவள், எனக்கு டம்ளரைத் தரையில் வைக்கிறாள். சைக்கிளில் திரும்பும்போது பாலாறு வரைக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆஸ்பத்திரி கேட்டை இரண்டு நாள் சைக்கிளிலேயே கடந்து போனேன். மூன்றாம் நாள் உள்ளே திரும்பினேன்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். விரல்கள் மடங்கிப்போன கை.

“நெத்திலியா அண்ணாத்த? நாத்தம் கொடலைப் புடுங்குது.”

முகத்தைப் பார்த்தேன். என் வாடிக்கைக்காரர்! மதில் ஓரத்தில் நின்று வாரா வாரம் கருவாடு வாங்குகிறவர்.

“எப்பவும் பொட்டலத்தைத் தரையில வெச்சிட்டு நாலடி தள்ளிப் போய் நிப்ப. இன்னிக்கு ஒரே பெஞ்சில உக்காந்துகினு கீற?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் வைத்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

டாக்டருக்குச் சின்ன வயசு. அவசரமே இல்லாத மனுஷர். முதுகு, தொடை, காது மடல் என்று ஓர் இடம் விடாமல் தேமல் தேடினார். முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலை விட்டு நரம்பை உருட்டிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டார்; ஊசியால் தொட்டார்; ஒரு குழாயில் வெந்நீர், ஒரு குழாயில் பச்சைத் தண்ணீர். உணர்ச்சி இல்லாத இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். உள்ளங்கைப் பக்கம் ஒன்றரை விரல். புறங்கையில் கோடு போட இடமே இல்லை. அங்கே எல்லாம் தெரிந்தது.

“புறங்கைக்குப் போற கிளை மணிக்கட்டுக்கு முன்னாலேயே பிரிஞ்சு போயிடுது. அது நல்லா இருக்கு. அப்போ தகராறு அதுக்குக் கீழேதான். இங்கே...”

அப்போதுதான் அழுத்தினார். அப்போதுதான் கத்தினேன்.

“இந்த இடத்தை எது மேல ஊனுறீங்க?”

“ஒண்ணு மேலயும் இல்லீங்க.”

“எதில வந்தீங்க?”

“சைக்கிள்ல.”

எழுந்து என்னோடு வெளியே வந்துவிட்டார். என் சைக்கிளின் வலது பக்கத்தில் ரப்பர் பிடி கழன்று விழுந்து ஆறு மாசம் இருக்கும். வெறும் குழாய். என் உள்ளங்கை பதிகிற இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. டாக்டர் அதைத் தட்டிக் காட்டினார்.

“உங்க வியாதி இதோ நிக்குது.”

அவர் விளக்கியது எனக்கு உப்பளக் கணக்கில் புரிந்தது. நடுவில் வாய்க்காலை மிதித்துக்கொண்டு நின்றால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வராது. பாத்தியைக் கிளறி என்ன லாபம்? காலை எடுக்க வேண்டும். கோளாறு விரலில் இல்லை. விரலுக்குப் போகிற நரம்பை நான்தான் மாசக்கணக்காக மிதித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச வாரத்துக்குச் சைக்கிள் கூடாது. அப்புறமும் ஹாண்டிலை உயர்த்தி, துணி சுற்றி, கைக்குக் கை பாரத்தை மாற்றிப் பிடிக்க வேண்டும். கண்டவனிடம் கொடுத்து முரட்டுத்தனமாக நீவக் கூடாது. உணர்ச்சி மெதுவாகத்தான் திரும்பும். விரல் இளைத்தாலோ பலம் குறைந்தாலோ உடனே வரவேண்டும். இவ்வளவுதான் வைத்தியம்.

“இந்தப் புண் என்ன?”

“பீடிங்க... டெஸ்ட்டு.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். “அந்த வியாதியாவே இருந்தாலும் இப்போ மாத்திரை இருக்கு. சீக்கிரம் வந்தா கை தப்பிச்சுக்கும். மறைச்சு வெச்சவங்க கைதான் மடங்கிப் போவுது” என்று சொல்லிக் கட்டுப் போட்டார்.

வெளியே வாடிக்கைக்காரர் உட்கார்ந்திருந்தார். கூடையில் மிச்சமிருந்த நெத்திலியைப் பொட்டலம் கட்டி அவர் கையில் கொடுத்தேன்.

“இன்னா, இன்னிக்குத் தரை காலியா இல்லியா?” என்றார்.

வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சைக்கிளைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு, பஸ் ஏறிக் கருங்குழிக்கு ஓடினேன்.

“வேலை கீதுன்னியேடா?” என்றாள் அக்கா.

பீடியிலிருந்து டாக்டர் வரைக்கும் ஒப்பித்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக எதிரில் உட்கார்ந்து தன் வலது கையை நீட்டினாள்.

“எனக்கு மூணு விரல்டா. கட்டவிரலு, இது, இது. பொங்கல்லேந்து. காலைல எழுந்தா மரத்துக் கெடக்குது. டம்ளர் கையில நிக்க மாட்டேங்குது.”

டம்ளர்!

“அதனாலதான் தரையில வெச்சியா?”

“பின்ன? சுடச்சுட உன் மேல கொட்டணுமா? நீ கண்டுக்கினியோன்னு செத்தே போயிட்டேன். நீ வரலன்னதும், கையைப் பாக்க ஒரு ஆளு கொறஞ்சுதுன்னு அப்பாடான்னு இருந்திச்சி. தட்டு மாத்தற வரைக்கும் யாருக்கும் தெரியாம ஓட்டிடலாம்னு பாத்தேன்.”

பாருங்கள்! ஒரே பெண்ணுக்காக, ஒரே பயத்தை, அக்கா ஒரு கையிலும் தம்பி ஒரு கையிலுமாக ஒளித்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் காப்பி குடித்திருக்கிறோம்.

“கெளம்பு, டாக்டரப் பாக்கலாம்.”

“அந்த கேட்டுக்குள்ளயா? நான் மாட்டேம்பா.”

“உள்ள போனவன் முழுசா வந்து உக்காந்துகினு கீறேன், பாரு.”

அவளுக்கும் அதே பஞ்சு, அதே ஊசி, அதே தேமல் தேடல். அவளுக்கு அமுங்கியிருந்தது மணிக்கட்டின் நடுவில் போகிற நரம்பு. கடைக்குத் தினமும் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிற கை. மணிக்கட்டை மடக்காமல் தூங்குவதற்கு ஒரு மூங்கில் பத்தையை வைத்துத் துணியால் கட்டி, மாவாட்டுவதைக் கொஞ்ச நாளைக்கு வேறு யாரிடமாவது விடச் சொன்னார் டாக்டர். பெண்ணும் என் இடது கையும் பொறுப்பேற்றோம்.

திரும்புகிறபோது அக்கா பாலாறு வரைக்கும் அழுதாள். பஸ்ஸில் எதிர்க்காற்றுகூட இல்லை.

தட்டு மாற்றுகிற நாள் வந்தது. என் விரலில் கட்டு. அவள் மணிக்கட்டில் கட்டு. மாப்பிள்ளையின் அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா சம்பந்தி, அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் கையில கட்டு?”

என் கை பழக்கத்தில் ஜேபியைத் தேடியது. அக்கா அசையவில்லை.

“அவனுக்கு சைக்கிளு, எனக்கு ஆட்டுக்கல்லு. நரம்பு அமுங்கிப் போச்சாம். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில... இல்ல, மதிலு வெச்ச அந்த ஆஸ்பத்திரியிலதான் காட்டினோம். வேற ஒண்ணும் இல்லன்னுட்டாரு டாக்டரு.”

அந்த அம்மாள் பாயிலேயே நகர்ந்து நகர்ந்து அக்காவின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த டாக்டரு முட்டிவலிக்குப் பாப்பாரா?”

தட்டு மாறியது அதற்கு அரைமணி கழித்துத்தான் — மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இடுப்பு வலியாம்.