இருபது ரோல்ஸும் ஒரு ரயிலும்

போன திங்கட்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக சுவிஸில் ஒரு மாநிலப் பாராளுமன்றத்துக்குள் போனேன். பயப்படாதீர்கள், பார்வையாளர் கலரியில்தான். கைதட்டக் கூடாது, கதைக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். பக்கத்தில் யோகன் அண்ணை... கலியாண வீட்டுக்குப் போடும் கோட்டோடு.

யார் இந்த யோகன் அண்ணை? மலைப் பக்கமாக ஓடும் ஒரு சின்ன ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனில் வீடு. கீழே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். நீரிழிவு கண்ணைப் பிடித்ததில் கார் லைசென்ஸ் போய்விட்டது. ஆகவே முதல் ரயிலை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

அந்த ரயிலை நடத்தும் தனியார் கம்பெனி, இனி எங்களால் முடியாது என்று கையை விரித்துவிட்டது. மாநில அரசு வாங்கினால் ரயில் ஓடும். வாங்காவிட்டால் பஸ். முதல் பஸ்ஸே ஆறு மணிக்குப் பிறகுதான்! வாங்குவதா விடுவதா என்றுதான் அன்று வாக்கெடுப்பு.

“ஐம்பத்தெட்டு வயசில எனக்கு இனி ஆர் வேலை தருவினம், தங்கச்சி?” என்று ஒரு மாதமாகப் போனில் புலம்பிக்கொண்டிருந்தார். பாராளுமன்றத்து ஜெர்மன் தனக்குப் பிடிபடாது என்று நான் இருக்கும் வின்டர்தூர் நகரில் இருந்து என்னைக் கூப்பிட்டதும் அவர்தான்.

கூட்டம் தொடங்கும்போதுதான் மெதுவாகக் குண்டைப் போட்டார்.

“அந்தா, பச்சைச் சால்வை போட்ட மனுசி... அவவும் என்ரை ரயிலிலதான் வாறவ. போன கிழமை அவவுக்கு இருபது ரோல்ஸ் குடுத்தனான்.”

“என்னத்துக்கு அண்ணை?”

“ஒரு அலுவலாப் போகேக்க வெறுங்கையோடயோ போறது?”

எனக்கு வியர்த்துவிட்டது. வாக்களிக்கப் போகிற உறுப்பினருக்கு மட்டன் ரோல்ஸ்! இந்த நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாதா? திட்டவும் மனம் வரவில்லை. மகனின் டீச்சரிடம் வடைப் பெட்டியோடு போய் முழித்தவள்தானே நானும்... தவிர, அவரிடம் சுவிஸ் பாஸ்போர்ட் இல்லை, வாக்குரிமையும் இல்லை. கையில் இருந்தது ரோல்ஸ் மட்டும்தான்.

விவாதம் இரண்டு பக்கமும் சமமாக இழுபட்டது. ஒரு வாக்கு இங்கே அங்கே போனாலும் கதை கந்தல் என்று விளங்கியது. அந்த நேரம் பார்த்துப் பச்சைச் சால்வை எழுந்தார்.

“வாக்களிக்க முதல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ரயிலில் வரும் ஒருவர் எனக்கு இருபது ரோல்ஸ் தந்தார்...”

‘ரோல்ஸ்’ என்ற சொல்லே போதும், நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. யோகன் அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“வாக்குப் போடாமல் வெளியில போகப் போறாவோ?”

எனக்கென்ன தெரியும்? பரிசு வாங்கியவர் வாக்களிக்கக் கூடாது என்றால், எங்கள் பக்கம் ஒரு வாக்குப் போச்சு. அதுவும் ரோல்ஸால்!

“...நான் இரண்டு சாப்பிட்டேன். மிச்சம் பதினெட்டையும் இதை எதிர்க்கும் நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். லஞ்சம் என்றால், அதிகம் வாங்கியது அவர்கள்தான்.”

சபை குலுங்கிச் சிரித்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் வாயைத் துடைப்பதுபோல் நடித்தார். சபைத் தலைவர் மணியை அடித்து, “நீங்கள் தாராளமாக வாக்களிக்கலாம்” என்றார். அதன்பிறகு திரையில் பச்சையும் சிவப்புமாக விளக்குகள்... பச்சைதான் அதிகம்! சொற்ப வித்தியாசம்தான் — இருந்தால் என்ன? ரயில் இனிப் பொதுச்சொத்து.

யோகன் அண்ணை கைதட்டக் கையைத் தூக்கினார். ஞாபகம் வந்து, தூக்கிய கையால் அப்படியே கும்பிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பாடா!

ரோல்ஸ் யாருடைய வாக்கையும் மாற்றியிருக்காது. ஆனால் அந்த மனுசி அதை ஒளித்திருந்தால்? பாதி விஷயங்களை நாம் மூடி மறைத்துத்தானே குற்றமாக்குகிறோம்...

பின்னேரம் அவரை வழியனுப்ப அந்தச் சின்ன ரயிலின் பிளாட்போமில் நின்றேன். நேரமாகியும் ரயிலைக் காணவில்லை. ஒரு நிமிடம் பிந்தினாலே கம்பெனிக்காரனின் பரம்பரையை இழுத்துத் திட்டுகிற மனிதர் இவர். நாலு நிமிடம் ஆயிற்று. பயந்துகொண்டே முகத்தைப் பார்த்தேன்.

“பிந்தட்டும் தங்கச்சி,” என்றார். “வரும்தானே.”