வேனில் சாய்ந்திருந்த சைக்கிள்

இல்லை, ஊர் எல்லைக்கு வந்ததும் நான் பேத்தியைப் பார்க்க ஓடவில்லை. ஓட முடியாது. எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் வந்து சேரும்வரை ஊர்ப் பெயர்ப் பலகையை யாரும் தாண்டக்கூடாது.

அந்தக் கடைசி ஆள் நோலா ட்ரிலோர். எங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். புருஷன் போன பிறகு, அவன் வாங்கி வைத்துவிட்டுப் போன சைக்கிளில் ஏறினாள். வேகம் கிடையாது. ஆனால் எந்த மேட்டிலும் இறங்கித் தள்ள மாட்டாள். அதனால் எப்போதும் எல்லோருக்கும் பின்னால் வருகிற வேலையை அவளிடம் கொடுத்திருந்தோம். யாருக்காவது டயர் போனால், மூச்சு வாங்கினால், நோலா வந்து பக்கத்தில் நிற்பாள்.

சிட்னி கடலில் பின்சக்கரத்தை நனைத்துவிட்டுக் கிளம்பினோம். ஊர்க் கடலில் முன்சக்கரத்தை நனைத்தால் முடிந்தது. நடுவில் ஒரு அடிகூட, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கூடவே வரும் வேனில் போயிருக்கக்கூடாது. போனவர்கள் கரையிலேயே நின்று கை தட்ட வேண்டியதுதான். நோலாவுக்கு இந்த முறை முழங்கால் வீங்கியிருந்தது. இதுதான் கடைசிப் பயணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படியாவது முழுசாக முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

எனக்கு வேறு நினைப்பு. வழியில் புரோக்கன் ஹில் என்ற ஊரில் இருக்கும்போது மகள் கெரி போன் செய்தாள், பெண் குழந்தை என்று. அன்றிலிருந்து எல்லோரும் என்னைத் தாத்தா என்றே கூப்பிட்டார்கள். பேக்கரியில் கறி அடைத்த 'மீட் பை' வாங்கக்கூட விடவில்லை. "தாத்தாவுக்குப் பல்லு இருக்கா, சூப் குடுங்க" என்பார்கள்.

கடைசி நாள் மதியம், கோதுமைக் குதிர்களுக்குப் பக்கத்தில் சாண்ட்விச் சாப்பிட்டோம். காற்று அடித்த அடியில் சைக்கிள்கள் நிற்கவில்லை. காற்றுக்கு மறைவு வேன் மட்டும்தான். நோலா தன் சைக்கிளை அதில் சாய்த்துவிட்டு, உள்ளே கூடார மூட்டைகள் மேல் காலை நீட்டினாள். கொஞ்ச நேரம் என்று நினைத்தவள் தூங்கிப்போனாள்.

வேனில் சைக்கிளைச் சாய்த்து வைத்தால் எங்களுக்குள் ஒரே அர்த்தம்தான்: என்னால் முடியாது, ஏற்றிக்கொள். வேன் ஓட்டிய டென்சில் சைக்கிளைப் பார்த்தான், தூங்குகிறவளைப் பார்த்தான். பாவம், கால் விட்டுவிட்டது என்று நினைத்து, எழுப்பாமல் சைக்கிளை மேலே கட்டிவிட்டான். நாங்கள் அதற்குள் கிளம்பியிருந்தோம். வேன் எங்களைத் தாண்டிப் போனபோது, கடற்கரையில் சாசேஜ் சுட அடுப்பை மூட்டப் போகிறான் என்று நினைத்துக்கொண்டோம்.

ஊர்ப் பலகைக்கு வந்தோம். அங்கே வேன் நின்றது. நோலா அதன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன்டா! தூங்குற பிள்ளைய எழுப்பிக் கேக்காம ஒரு இடத்துக்குக் கொண்டுபோனதில்ல!"

"நீ குறட்டை விட்ட நோலா. எழுப்ப மனசு வரல."

"மனசு வரலையாம். திருப்புடா வண்டிய. குதிர்கிட்ட கொண்டு போய் விடு."

"எதிர்க்காத்து ஆரம்பிச்சிருச்சு. காலப் பாரு, பூசணி மாதிரி இருக்கு. இங்க யாரு பாக்கப் போறா? நாங்க சொல்ல மாட்டோம்."

"எனக்குத் தெரியும்ல."

டென்சில் வண்டியைத் திருப்பினான்.

நாங்கள் பலகையின் அடியில் உட்கார்ந்தோம். கடற்கரையில் ஊரே அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருந்தது. கெரி போன் செய்தாள்.

"அப்பா, எங்கப்பா இருக்க?"

"ஊருக்கு வெளிய, பலகைகிட்ட. நோலா வரணும்."

"ஐயோ, உங்க கூட்டமே ஒரு தினுசு. சரி, நான் வரேன்."

வந்தாள். காரிலிருந்து குழந்தையை எடுத்து என் கையில் வைத்தாள். என் சட்டையெல்லாம் வேர்வை, சங்கிலி எண்ணெய். பேத்தி முகத்தைச் சுளித்தாள். என்ன முகம் அது! உள்ளங்கை அகலம்கூட இல்லை, அதற்குள் அத்தனை கோபம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் பார்த்தார்கள்.

வெயில் சாயும்போது ரோட்டின் கடைசியில் ஒரு புள்ளி தெரிந்தது. அதற்குப் பின்னால் வேன், விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்தது. நோலா பல்லைக் கடித்தபடி வந்தாள். குழந்தையைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினாள். காலைத் தரையில் ஊன்றவில்லை.

"ஏறுங்க" என்றாள்.

குழந்தையைக் கெரியிடம் கொடுத்துவிட்டு ஏறினோம். சாசேஜ் எல்லாம் கரிந்திருந்தது. முன்சக்கரங்களைக் கடலில் நனைத்தோம். நோலா முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, அங்கேயே வெகுநேரம் நின்றாள். வலிக்கு நல்லது என்றாள்.

அன்று காலை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியபோது, வழக்கம்போல அவள் பின்னாலிருந்து சத்தம் போட்டிருந்தாள்.

"எவனும் திரும்பிப் பாக்காதீங்கப்பா. தலை திரும்பினா சைக்கிளும் திரும்பும். பின்னாடி நான் இருக்கேன்."