உப்புப் பார்க்கச் சொன்னவர்

சண்முகக்கனி மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது என் கையில் கரண்டி இருந்தது. அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. என்னோடு பயிற்சியில் இருந்த பேச்சியம்மாள் தென்காசியிலிருந்து போனில் கூப்பிட்டு, "ஆச்சி, நம்ம மேடம் போயிட்டாங்க" என்றாள். "எங்க போயிட்டாங்க? வேற ஊருக்கு மாத்திட்டாங்களா?" என்று கேட்டேன். அவள் அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது. அச்சன்புதூரில் வகுப்புக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லையாம். என் மகள் வயது அவருக்கு.

அவரிடம் தொழில் படித்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறீர்கள், என்னையும் எழுதச் சொல்கிறீர்கள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. ஆனால் எனக்கு மறதி கிடையாது. அவர் செய்த நல்லதையும் மறக்கவில்லை, மற்றதையும் மறக்கவில்லை. இரண்டையும் எழுதுகிறேன். அவரும் பூசி மெழுகுகிற ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு மேலகரம் வீட்டில் நான் தனியாக இருந்தேன். சென்னையில் போலீசாக இருக்கும் என் மகன், "வீட்ட வித்துட்டு எங்கூட வந்துரும்மா, அங்கன தனியா கெடந்து என்ன செய்யுத?" என்று வாரம் தவறாமல் போன் போடுவான். அவன் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தவள் நான். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். பெண்களுக்குத் தொழில் பயிற்சி என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டு, பேர் கொடுத்தேன். நன்றாகச் செய்பவர்களுக்குக் குற்றாலத்தில் சீசன் கடை ஒதுக்குவார்கள் என்றார்கள். மகனிடம், "கடை கெடச்சா இங்கன இருப்பேன். கெடைக்கலன்னா நீ சொன்ன மாதிரி வந்துருதேன்" என்று வாக்குக் கொடுத்தேன். போனுக்குப் பின்னால் மருமகள் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

நான் எடுத்துக்கொண்டது புளிக்காய்ச்சல். அருவிக்கு வந்து அறை எடுத்துத் தங்குகிற குடும்பங்கள் சோறு மட்டும் வடித்தால் போதும், கிளறிச் சாப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் தெருக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் புளியோதரை என் கைதான். சாமிக்குப் படைக்கிற சோற்றில் யாரும் வாய் வைத்து உப்புப் பார்க்கமாட்டோம். வாசம் பிடிப்பதுகூடக் கிடையாது. அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குச் சமைக்கும்போதும் நான் உப்புப் பார்த்ததில்லை. கை அளவுதான். எங்கள் வீட்டில் உப்புக் கூடிவிட்டது என்று ஒருவரும் எழுந்து போனதில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவர் மேடம். வகுப்பில் எனக்காகப் பேச்சியம்மாள் ருசி பார்ப்பாள். "ஆச்சி, அம்சமா இருக்கு" என்பாள். ஒருநாள் மேடம் பின்னால் வந்து நின்றார்.

"ஒங்க நாக்கு எங்க ஆச்சி?"

"எச்சில் பண்ண மாட்டேன் மேடம். பொறந்ததுலேர்ந்து பழக்கம் இல்ல."

"சாமி உப்புக் கூடினாலும் ஒண்ணும் சொல்லாது. பஸ் புடிச்சு வந்தவன் சும்மா இருப்பானா?"

"என் கைக்குத் தெரியும்."

"வாங்குதவன் ஒங்க கையத் திங்க மாட்டான். நல்லா இல்லன்னா திரும்ப வந்து சொல்லவும் மாட்டான். வராமலே இருந்துருவான்."

வகுப்பே சிரித்தது. பேச்சியம்மாளும் சிரித்தாள். என் வயதுக்கு அதை அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து பயிற்சி முடியும் வரை அவர் கொடுத்த டீயை நான் குடிக்கவில்லை.

கடைசி நாள் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் தேர்வு. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு அடுப்பு, எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சாமான். பேச்சியம்மாளை என் அடுப்புக்குத் தூரத்தில் போட்டிருந்தார்கள். யார் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோயிருந்த கல்லுப்பை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே இருந்தது பாக்கெட் தூளுப்பு. என் கை கல்லுப்புக்கு அள்ளுகிற அளவையே அள்ளிப் போட்டது. எண்ணெய் பிரிந்து, நிறம் திரண்டு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ருசி பார்க்க வந்த அலுவலர்கள் பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு எங்களுக்குக் கேட்டது. மேடம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் சட்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். முகம் மாறவே இல்லை. வேறொரு கரண்டியில் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"வாயில வைங்க ஆச்சி."

"மாட்டேன்."

"வைக்காட்டி ஒங்க பேர எடுத்துருதேன்."

"என்ன கொறைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

"நான் சொன்னா இன்னைக்குச் சரியாகும். நாளைக்குக் கடையில யார் சொல்லுவா?"

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது. அந்தக் கரண்டிக்குப் பின்னால் என் மகன் வீட்டு ஜன்னல்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன்.

கடல் தண்ணீர். நாக்கு சுருங்கிப்போயிற்று. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன். "தூளுப்புன்னு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்லா?" என்று கத்தினேன். "கத்துத நேரத்துல புளியக் கரைங்க" என்றார்.

கரைத்தேன். உப்பே போடாமல் இன்னொரு சட்டியில் புளியைக் கொதிக்கவிட்டேன். புளித்தண்ணீர் வற்றுவதற்கு அதுபாட்டுக்கு நேரம் எடுத்துக்கொண்டது. தீயைக் கூட்டினால் அடிப்பிடித்துவிடும், குறைத்தால் வற்றாது. கதவு திறந்தது. அலுவலர்கள் அந்தக் கோடியிலிருந்து தொடங்கினார்கள். மேடம் என் பக்கத்தில் நின்று கிளறிக்கொடுத்தார். கையில் எண்ணெய் தெறித்தும் அவர் கரண்டியை விடவில்லை. இரண்டு சட்டியையும் சேர்த்து, வெல்லம் போட்டு, நானே உப்புப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் புளி விட்டேன். மறுபடி பார்த்தேன். அலுவலர் என் முன்னால் வந்து நிற்கும்போது என் நாக்கில் மூன்றாவது சொட்டு இருந்தது.

அவர் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எப்பவும் இதே மாதிரி வருமா பாட்டி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் சொன்னார்: "வரும் சார். உப்புப் பாக்காமக் குடுக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

கடை கிடைத்தது. மகனுக்கு நானே போன் போட்டேன். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு மேடத்தோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் உண்டு. அடுத்தடுத்து வந்த வகுப்புகளில் எல்லாம், "மேலகரத்துல ஒரு ஆச்சி இருந்தாங்க, உப்பே பாக்க மாட்டாங்க" என்று என் கதையைத்தான் முதல் பாடமாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையம் சந்தையில் முன்பின் தெரியாத ஒருத்தி, "நீங்கதானா அந்த உப்பு ஆச்சி?" என்று கேட்டாள். எனக்கு எப்படி இருக்கும்?

போன சீசனில் அவர் நனைந்துகொண்டே என் கடைக்கு வந்தார். அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது.

"உப்புப் பாத்தியளா ஆச்சி?"

"பாத்தாச்சு. எத்தன பாட்டில் வேணும் ஒங்களுக்கு?"

முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோலத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு சாரலில் இறங்கிப் போனார். அவர் கையில் அந்த எண்ணெய்த் தழும்பு இருந்தது. பார்த்தும் மீதிச் சில்லறையைத்தான் எண்ணிக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் படையலுக்கு அவருடைய அம்மா ஆளனுப்பினார். "அவளுக்கு ஒங்க புளியோதரைன்னா உசுரு. ஒங்க கையாலதான் செய்யணும்" என்று சொல்லிவிட்டிருந்தார். பகையை வாசலில் விட்டுவிட்டுப் போனேன் என்று எழுதினால் அது பொய். அதையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். அச்சன்புதூர் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டிப் புளியைக் காய்ச்சினேன். சுற்றிச் சொந்தக்காரப் பெண்கள் நின்றார்கள். சட்டியை இறக்கும் நேரத்தில் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்தேன்.

"ஏ ஆச்சி, என்ன செய்யுதிய? படையலுக்கு உள்ளதப் போய் எச்சில் பண்ணுதிய!" என்று ஒருத்தி என் கையைப் பிடித்தாள். மேடத்தின் சித்தியாம். இந்த வயசிலே இதுகூடவா தெரியாது என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். எனக்குத் தெரியாததா? அவர்களுக்கெல்லாம் முன்னாலிருந்து நான் அந்த முறையைக் காத்தவள்.

பிடித்த கையை உதறிவிட்டு வாயில் வைத்தேன். உப்பு ஒரு கல் குறைந்தது. போட்டேன். திரும்பவும் எடுத்து நாக்கில் வைத்தேன். சரியாக இருந்தது.

கதவோரம் நின்ற மேடத்தின் அம்மா இலையை எடுத்து என் முன்னால் விரித்தார். "நீங்களே வைங்க. பாக்காமக் குடுத்தா அவ தொடமாட்டா" என்றார்.

என் கதையை ஊரெல்லாம் சொன்னதற்கு நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. அந்தக் கோபம் என்னிடம் இருக்கும். ஒவ்வொரு சட்டியிலும் நாக்கில் வைக்கிற அந்த ஒரு சொட்டும் இருக்கும்.